ஆறு வார ஊசியில் பாதரசமும் அலுமினியமும் இருக்கிறதாமே, குழந்தைக்குப் போடலாமா?

நீங்கள் எழுதியிருப்பது இதுதான். வருகிற புதன்கிழமை உங்கள் பெண் குழந்தைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஐந்து நோய்களைத் தடுக்கும் முதல் பென்டா ஊசி. அதற்குள் மாமியாரின் போனுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்துவிட்டது: பாதரசம், அலுமினியம், பார்மலின், கலைத்த சிசுவின் செல் என்று ஒரு பட்டியல். கூடவே நாத்தனார் பையன் இதே ஊசிக்குப் பிறகு ராத்திரி முழுக்க வீறிட்டு அழுத கதை. ஒரு வயது ஆகட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள் வீட்டில். நீங்கள் கேட்டிருப்பது அந்தப் பட்டியல் உண்மையா என்று. ஆனால் கடைசி வரியில் "ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?" என்று ஒன்று கேட்டிருக்கிறீர்களே, உங்களை உண்மையில் அரிப்பது அதுதான் என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் பதில் சொல்கிறேன்.

நான் குழந்தை மருத்துவர். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு இப்போது சொந்த கிளினிக் வைத்திருக்கிறேன், அதனால் இலவச ஊசியும் தெரியும், காசு கொடுத்துப் போடும் ஊசியும் தெரியும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: போடுங்கள், தள்ளிப் போடாதீர்கள். தடுப்பூசிக்குப் பக்க விளைவுகள் உண்டு, அதை மறைக்க எனக்கு எந்த அவசியமும் இல்லை. ஆனால் அவை பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்கும் பொருட்களால் வருவதில்லை. ஊசிக்குள் இருக்கும் கிருமியின் பகுதியால் வருகின்றன, அதைவிட மோசமானவை மனிதர்கள் கையாளும் விதத்தில் நடக்கும் தவறுகளால் வருகின்றன. நீங்கள் கண்ணை வைக்க வேண்டிய இடம் அது.

முதலில் பாதரசம். ஆமாம், அரசு பென்டா ஊசியில் தையோமெர்சால் என்ற பாதரசச் சேர்மம் இருக்கிறது. ஒரு டோஸான அரை மில்லியில் 25 மைக்ரோகிராம், அதில் பாதி எடைதான் பாதரசம். ஏன் சேர்க்கிறார்கள்? 1928-ல் ஆஸ்திரேலியாவின் பண்டபெர்க் ஊரில் தொண்டை அடைப்பான் ஊசி போட்ட 21 குழந்தைகளில் 12 பேர் இறந்துபோனார்கள். காரணம், பல குழந்தைகளுக்கு ஒரே குப்பியிலிருந்து எடுத்த மருந்தில் பாக்டீரியா வளர்ந்திருந்தது, அதைத் தடுக்க உள்ளே எதுவும் இல்லை. அதற்குப் பிறகுதான் பல டோஸ் குப்பிகளில் கிருமி வளராமல் தடுக்கும் பொருள் கட்டாயம் என்றானது. நம் ஊர் பென்டா குப்பி ஒன்றில் 10 குழந்தைகளுக்கான மருந்து இருக்கும், விதிப்படி குளிரில் வைத்தால் திறந்த பிறகும் 28 நாள் வரை பயன்படுத்தலாம்.

இது மீனில் சேரும் பாதரசம் இல்லையா என்றால், இல்லை. மீனில் சேருவது மெத்தில் பாதரசம், ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஒன்றரை மாதம் ஆகும். தையோமெர்சால் உடைந்தால் வருவது எத்தில் பாதரசம், கைக்குழந்தைகளின் ரத்தத்தில் அளந்து பார்த்ததில் சுமார் 4 நாளில் பாதியாகிறது, மலத்தில் வெளியேறுகிறது. பெயரில் ஒரு எழுத்துதானே வித்தியாசம் என்று தோன்றும். 2024-ல் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது மெத்தில் ஆல்கஹால், கடையில் விற்கும் மதுவில் இருப்பது எத்தில் ஆல்கஹால். வேதியியலில் அந்த ஒரு எழுத்து அவ்வளவு தூரம் போகும். டென்மார்க் 1992-லேயே குழந்தைகள் ஊசியிலிருந்து தையோமெர்சாலை எடுத்துவிட்டது, அமெரிக்கா 1999-லிருந்து 2001-க்குள் எடுத்தது. இரண்டு நாட்டிலும் அதன் பிறகு ஆட்டிசம் கண்டறிதல் குறையவில்லை, கூடிக்கொண்டுதான் போனது. பாதரசம்தான் காரணம் என்றால் அது நடந்திருக்காது. இந்த விஷயத்தில் எனக்குச் சந்தேகம் எதுவும் மிச்சமில்லை.

பார்மலினைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. தனுர்வாதக் கிருமியும் தொண்டை அடைப்பான் கிருமியும் சுரக்கும் விஷத்தைச் செயலிழக்க வைக்கத்தான் அது பயன்படுகிறது, பிறகு சுத்திகரிப்பில் போய்விடும், மிஞ்சுவது தடம் மட்டும். உங்கள் குழந்தையின் உடம்பே தன் இயல்பான வேலைக்காக அதைவிடப் பல மடங்கு பார்மால்டிஹைடைத் தினமும் உண்டாக்கி, தானே செலவழிக்கவும் செய்கிறது. பிணவறை பார்மலினை நினைவுபடுத்திப் பயமுறுத்துகிறவர்கள் அளவைச் சொல்வதே இல்லை.

சிசுவின் செல் என்பது பென்டாவில் இல்லவே இல்லை. 9 மாதத்தில் போடும் தட்டம்மை ரூபெல்லா ஊசியைப் பற்றிய பேச்சு அது. வைரஸ் வளர உயிருள்ள செல் வேண்டும். அதற்குப் பயன்படுத்துவது 1960-களில், வேறு காரணங்களுக்காக நடந்த கருக்கலைப்புகளிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் இன்று வரை பெருக்கிவரும் செல் வரிசைகள். புதிதாக எந்தச் சிசுவும் இதற்காகத் தேவைப்படுவதில்லை, வளர்த்த வைரஸைப் பிரித்தெடுத்த பிறகு அந்தச் செல்களும் ஊசியில் இருக்காது. உங்கள் மனசாட்சிக்கு அது உறுத்தலாக இருந்தால் அதை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். ஆனால் ரூபெல்லா கர்ப்பிணிக்கு வந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை பிறவி ரூபெல்லா பாதித்த குழந்தைகளைப் பல வருடமாக ஆவணப்படுத்தியிருக்கிறது, பிறக்கும்போதே கண்ணில் புரை, காது கேட்காமை, இதயத்தில் ஓட்டை. கருச்சிதைவும் ஆகும்.

அலுமினியத்துக்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் எங்கள் ஆட்களே இதில் அரைகுறையாகப் பதில் சொல்கிறார்கள். "தாய்ப்பாலில் இதைவிட அதிக அலுமினியம் இருக்கிறது" என்பார்கள். எண் சரிதான், அமெரிக்க அட்டவணைப்படி முதல் 6 மாதத்தில் ஊசி வழியாக சுமார் 4 மில்லிகிராம், தாய்ப்பால் வழியாக சுமார் 7. ஆனால் குடலில் போகும் அலுமினியத்தில் நூற்றில் ஒரு பங்குகூட ரத்தத்தில் சேராது, ஊசியில் போவது மெதுவாக என்றாலும் கடைசியில் முழுக்கச் சேரும். எனவே அந்த ஒப்பீடு நியாயமானதல்ல, நான் அதைச் சொல்வதில்லை. அதைவிட நல்ல பதில் இருக்கிறது. 2011-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆய்வாளர்கள், ஊசியிலிருந்து எந்த வேகத்தில் உறிஞ்சப்படும், கைக்குழந்தையின் சிறுநீரகம் எவ்வளவு வெளியேற்றும் என்று இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். முதல் வருடம் முழுக்க உடம்பில் தங்கும் அளவு பாதுகாப்பு வரம்புக்குக் கீழேயே இருந்தது. 2025-ல் டென்மார்க்கில் சுமார் 12 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை எடுத்து, ஊசி வழியாகச் சேர்ந்த அலுமினியத்தின் அளவுக்கும் ஆஸ்துமா, ஒவ்வாமை, ஆட்டிசம் உட்பட 50 நோய்களுக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்த்தார்கள். அளவு கூடினால் நோய் கூடுகிறது என்று காட்டும்படி எதுவும் வரவில்லை. இந்த ஆய்விலும் ஒரு குறை உண்டு: அங்கே ஊசியே போடாத குழந்தைகள் மிகக் கொஞ்சம், ஆகவே இது பெரும்பாலும் குறைந்த அளவையும் கூடிய அளவையும் ஒப்பிட்டது. அதோடு அங்கே போடுவது நம் ஊர் பென்டாவும் இல்லை.

அலுமினியத்தால் உறுதியாக வருவது ஒன்று உண்டு, ஊசி போட்ட இடத்தில் கட்டி. சில வாரங்களில் தானாகக் கரையும். ஸ்வீடனில் கவனமாகத் தேடிப் பார்த்த ஓர் ஆய்வில், நூற்றில் ஒரு குழந்தைக்குச் சற்றுக் குறைவாக, மாதக்கணக்கில் அரிக்கும் சிறு முடிச்சு வந்திருந்தது. தொல்லைதான், ஆபத்து இல்லை. அதில் ஒத்தடம், எண்ணெய் என்று எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள்.

சரி, நாத்தனார் பையன் ஏன் அழுதான்? இங்கேதான் உண்மையான பக்க விளைவு இருக்கிறது. பென்டாவில் ஐந்து நோய்களுக்கான மருந்து இருக்கிறது: தொண்டை அடைப்பான், தனுர்வாதம், மஞ்சள் காமாலை பி, மூளைக்காய்ச்சலும் நிமோனியாவும் உண்டாக்கும் ஹிப் கிருமி, கக்குவான் இருமல். முதல் நான்கும் சுத்தம் செய்து எடுத்த ஒன்றிரண்டு மூலக்கூறுகள். ஐந்தாவது மட்டும் கொல்லப்பட்ட கக்குவான் கிருமி அப்படியே, முழு உடலோடு, ஆயிரக்கணக்கான புரதங்களோடு. குழந்தையின் உடம்பு அதை ஒரு படையெடுப்பாக எடுத்துக்கொண்டு எதிர்க்கிறது. அன்று மாலையே காய்ச்சல், இடது தொடையில் வீக்கம், சிடுசிடுப்பு. பாதிக் குழந்தைகளுக்கு இது வரும், இரண்டு நாளில் போய்விடும். சிலர் மூன்று மணி நேரத்துக்கு மேல் விடாமல் அழுவார்கள், நூற்றில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் அரிதாக, 1981-ல் வெளியான அமெரிக்க ஆய்வின்படி சுமார் 1750 டோஸுக்கு ஒரு முறை வலிப்பு வரும், அதே அளவில் குழந்தை திடீரென்று வெளுத்து, துவண்டு, கூப்பிட்டால் திரும்பாமல் கிடப்பதும் நடக்கும். பார்க்கிற தாய்க்கு உயிரே போய்விடும். ஆனால் குழந்தை தேறிவிடும், பிற்காலத்தில் மூளைக்குப் பாதிப்பு இருப்பதாகத் தெரியவில்லை.

மூளைப் பாதிப்பு என்று சொன்னதும் ஒரு வரலாறு ஞாபகம் வருகிறது. 1970-களில் பிரிட்டனில் கக்குவான் ஊசியால் மூளை கெடுகிறது என்று பெரிய பயம் கிளம்பி, போடுகிறவர்கள் 80 சதவீதத்திலிருந்து 30 சதவீதம் அளவுக்கு விழுந்தார்கள். ஒரு லட்சத்துக்கும் மேல் கக்குவான் வந்தது. ஜப்பானில் 1975-ல் ஊசியை நிறுத்தினார்கள், 1979-ல் 13,000 பேருக்கு நோய், 41 சாவு. பிறகு 2006-ல் ஆஸ்திரேலிய மரபியல் ஆய்வாளர்கள், ஊசியால் மூளை பாதித்ததாகச் சொல்லப்பட்ட 14 பேரைச் சோதித்தார்கள், 11 பேருக்கு டிராவே என்ற பிறவி வலிப்பு நோய்க்கான மரபணு மாற்றம் இருந்தது. ஊசிக்குப் பின் வந்த காய்ச்சல் முதல் வலிப்பைக் கிளப்பியிருக்கலாம், ஆனால் நோய் கருவிலேயே இருந்தது. அந்தப் பெற்றோர் பொய் சொல்லவில்லை, அவர்கள் கண்ணால் பார்த்தது அதுதான். இதை மறந்துவிட்டு அவர்களைக் கேலி செய்கிற மருத்துவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு.

"வலியில்லாத ஊசி" என்று தனியாரில் போடுவது, முழுக் கிருமிக்குப் பதில் சில புரதங்களை மட்டும் வைத்தது. காய்ச்சல் குறைவு, அது நிஜம். ஒரு டோஸ் குப்பியில் வருவதால் தையோமெர்சாலும் இல்லை, ஆனால் அலுமினியம் இருக்கும். விலை சில ஆயிரம் ரூபாய், பாதுகாப்பு முழுக் கிருமி ஊசியைவிடச் சீக்கிரம் தேய்கிறது. அந்த வகை ஊசிக்கு முழுக்க மாறிவிட்ட கலிபோர்னியாவில் 2010-ல் 9,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கக்குவான் வந்து 10 கைக்குழந்தைகள் இறந்தார்கள். பாதுகாப்பு தேய்ந்ததும் அதற்கு ஒரு காரணம். என் கிளினிக்கில் கேட்பவர்களுக்குப் போடுகிறேன், ஆனால் கடன் வாங்கிப் போட வேண்டிய ஊசி அது இல்லை.

இப்போது கஷ்டமான பகுதி, சாவு. இலங்கையில் 2008-ல் பென்டா தொடங்கிய சில மாதங்களில் சில குழந்தைகள் இறந்ததால் அரசு ஊசியை நிறுத்தியது. நிபுணர்கள் விசாரித்தார்கள், ஊசிதான் காரணம் என்று நிறுவ முடியவில்லை, 2010-ல் மறுபடி தொடங்கினார்கள். "நிறுவ முடியவில்லை" என்பதும் "நிச்சயமாக இல்லை" என்பதும் ஒன்றல்ல, ஒவ்வொரு சாவுக்கும் விளக்கம் கிடைத்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே குழந்தை இறந்துபோவது உலகெங்கும் அதிகம் நடப்பது 2 முதல் 4 மாத வயதில், ஊசிகள் போடுவதும் அதே வயதில். போட்ட குழந்தைகளையும் போடாத குழந்தைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளில் போட்டவர்களிடம் இந்தச் சாவு கூடுதலாக இல்லை. இது கோடிக்கணக்கான குழந்தைகளுக்கான பதில். தனி ஒரு வீட்டில் தனி ஒரு குழந்தைக்கு என்ன நடந்தது என்பதை உடற்கூறாய்வு செய்தால்தான் சொல்ல முடியும், சில சமயம் அப்போதும் முடியாது.

உறுதியாகக் காரணம் தெரிந்த சாவுகளும் உண்டு. அவற்றில் பல, கையாளுவதில் நடந்த தவறால் வந்தவை. 2018-ல் சமோவா தீவில் தட்டம்மை ஊசித் தூளைக் கரைக்க வேண்டிய நீருக்குப் பதில், அறுவை சிகிச்சையில் தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் காலாவதியான மருந்தைத் தவறாகக் கலந்து போட்டதில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். பயத்தில் ஊரே ஊசியை விட்டது, அடுத்த வருடம் தட்டம்மை வந்து 83 பேர் செத்தார்கள், பெரும்பாலும் சின்னக் குழந்தைகள். 2017-ல் தெற்கு சூடானில் ஒரே சிரிஞ்சை நாலு நாள் எல்லாருக்கும் பயன்படுத்தி, மருந்தைக் குளிரிலும் வைக்காமல் போட்டதில் 15 குழந்தைகள் போயின. நம் மாநிலத்திலும் 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசிக்குப் பிறகு 4 குழந்தைகள் இறந்ததை மறக்க முடியாது. அதற்குப் பிறகுதான் ஊசியை மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட வேண்டும் என்று கொண்டுவந்தார்கள்.

ஆகவே புதன்கிழமை போனதும் உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்பதைவிட, குப்பியைக் காட்டச் சொல்லுங்கள். தப்பாக நினைக்க மாட்டார்கள், நல்ல செவிலியர் தானே காட்டுவார். பென்டா குப்பியில் ஒரு சின்ன வட்டம், அதற்குள் ஒரு சதுரம் இருக்கும். சதுரம் வட்டத்தைவிட வெளிர் நிறமாக இருந்தால் மருந்து சூட்டில் கெடவில்லை. வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அதைப் போடக் கூடாது. குப்பியில் திறந்த தேதி பேனாவால் எழுதியிருக்க வேண்டும். சிரிஞ்சு உங்கள் கண் முன்னால் உறையிலிருந்து பிரிக்கப்பட வேண்டும். 9 மாதத்தில் தட்டம்மை ரூபெல்லா ஊசிக்குப் போகும்போது தேதி போதாது, கரைத்த நேரத்தையே பாருங்கள். அதில் கிருமி தடுப்பான் எதுவும் கிடையாது, 4 மணி நேரம் தாண்டினால் கொட்டிவிட வேண்டும். ஊசி போட்டதும் அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பாதீர்கள். கடுமையான ஒவ்வாமை பத்து லட்சத்தில் ஒன்றுதான், ஆனால் வந்தால் பெரும்பாலும் அந்த அரை மணிக்குள் வரும், அதற்கான அட்ரினலின் ஊசி அங்கே இருக்கிறது, உங்கள் வீட்டில் இல்லை.

வீட்டில் நடக்கும் தவறு ஒன்று, நான் அடிக்கடி பார்ப்பது: பாராசிட்டமால். கடையில் சொட்டு மருந்து, சிரப் என்று இரண்டு வடிவம். சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம், சாதாரண குழந்தை சிரப்பில் ஒரு மில்லியில் 25 தான். சிரப்புக்குச் சொன்ன அளவைச் சொட்டு மருந்தில் கொடுத்தால் நான்கு மடங்கு போய்விடும். பாட்டிலைக் கொண்டுபோய்க் காட்டி, குழந்தையின் எடைக்கு எத்தனை மில்லி என்று எழுதி வாங்குங்கள். காய்ச்சல் வந்தால் கொடுங்கள், வருமுன் கொடுக்க வேண்டாம். பால் குடிக்காமல் மந்தமாகக் கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ, மூச்சு இரைத்தாலோ, காய்ச்சல் இரண்டு நாளுக்கு மேல் போனாலோ, மூன்று மணி நேரத்துக்கு மேல் அழுகை நிற்காவிட்டாலோ உடனே ஆஸ்பத்திரி. அதே நாளில் வயிற்றுப்போக்கைத் தடுக்கும் வாய்வழி ரோட்டா சொட்டும் கொடுப்பார்கள். பிற நாடுகளில் லட்சத்தில் ஒன்றிலிருந்து ஐந்து குழந்தைகளுக்கு இதற்குப் பிறகு குடல் செருகிக்கொண்டதாகத் தெரிகிறது, இந்தியாவில் நம் ரோட்டா மருந்தை வைத்துப் பல மருத்துவமனைகளில் நடந்த பெரிய ஆய்வில் அப்படிக் கூடவில்லை. இருந்தாலும் விட்டு விட்டு வீறிட்டு அழுது மலத்தில் ரத்தம் வந்தால் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதீர்கள்.

ஒரு வயது வரை தள்ளலாமா என்ற கேள்விக்கு: கக்குவான் கொல்வது பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில். ஒரு வயதில் போட்டால் ஆபத்தான காலம் முழுக்கப் பாதுகாப்பில்லாமல் கடந்துவிடும். தள்ளினால் பக்க விளைவு குறையும் என்பதும் சரியில்லை. தட்டம்மை ஊசியைப் பொறுத்தவரை, தாமதமாகப் போட்ட குழந்தைகளுக்குக் காய்ச்சல் வலிப்பு அதிகம் வந்ததாக அமெரிக்க ஆய்வே இருக்கிறது.

யார் பொறுப்பு? எது நடந்தாலும் மருத்துவ அலுவலரிடம் சொல்லி, எழுத்தில் பதியச் சொல்லுங்கள். ஊசிக்குப் பிந்தைய பாதிப்புகளைப் பதிந்து விசாரிக்கும் ஏற்பாடு மாவட்டத்திலிருந்து மத்திய அரசு வரை இருக்கிறது. ஆனால் விசாரணை மட்டும் போதாது. அமெரிக்காவில் 1986-ல் சட்டம் போட்டு, தடுப்பூசியால் பாதித்த குழந்தைக்கு யார் தவறு என்று நிரூபிக்காமலே இழப்பீடு கொடுக்கிறார்கள். எல்லாருடைய நன்மைக்காகவும் போடச் சொல்கிறோம் என்றால், லட்சத்தில் ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆகும்போது எல்லாரும் சேர்ந்து தாங்க வேண்டும். நம் நாட்டிலும் அப்படி ஒரு சட்டம் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

உங்கள் குழந்தையை நான் பார்க்கவில்லை, ஆகவே ஒரு விஷயத்தை நீங்கள்தான் அங்கே சொல்ல வேண்டும். உங்களுடையது சொந்தத்தில் நடந்த கல்யாணமா? இரண்டு பக்கத்திலும் யாருக்காவது கைக்குழந்தை திரும்பத் திரும்ப நிமோனியா, வயிற்றுப்போக்கு என்று வந்து ஒரு வயதுக்குள் இறந்ததா? குழந்தைக்கு வலிப்பு வந்திருக்கிறதா? இதில் எதற்காவது ஆமாம் என்றால் ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லுங்கள். பிறவியிலேயே எதிர்ப்பு சக்தி இல்லாத நோய் அரிது, ஆனால் சொந்தத்தில் கட்டிய குடும்பங்களில் கூடுதல், அந்தக் குழந்தைகளுக்கு ரோட்டா, போலியோ சொட்டு மாதிரி உயிருள்ள மருந்துகள் ஆகாது. பென்டா உயிரில்லாதது, எதிர்ப்பு சக்தி குறைந்த குழந்தைக்கும் அதைப் போடலாம். வலிப்பு வந்த குழந்தைக்கு மட்டும் காரணத்தைப் பார்த்துவிட்டுப் போடுவார்கள்.